நூற்றொகைகளை வழங்கும் வலைவழங்கி மென்பொருள்கள்: நலனும் குறையும்

தமிழ் நூல்களையும் ஏட்டுச்சுவடிப் படிமங்களையும் வலைத்தளங்களில் இட்டு, எந்நாட்டில் உள்ளாரும் படிக்கச் செய்யும் பணியைப் பல்கலைக்கழகத் துறைகளும் நூலகங்களும் இன்று மேற்கொண்டு வருகின்றன. நூலைத் தேர்தல், பிழை களைந்து உள்ளிடுதல், பாடவேறுபாடு குறித்தல் ஆகியவற்றில் அறிஞர் பெரிதும் கருத்துச் செலுத்துகின்றனர். அந்நூலைப் படிப்பாரிடம் கொண்டு சேர்க்கும் மென்பொருளின்மேல் அக்கருத்துச் செல்வதில்லை. அது கணிப்பொறியாளர் தொழில் என்று விடப்படுகின்றது. ஆய்வேட்டில் மேற்கோளாகக் காட்டிய முகவரி சில ஆண்டுகளில் பொய்த்துப் போதலும், நேற்று நன்கு தோன்றிய எழுத்து இன்று சிதைந்து தோன்றுதலும், அமைத்தவர் பணி மாறிச் சென்றபின் தளமே நின்றுவிடுதலும் ஆய்வாளர் அறியாதன அல்ல. இவற்றுட் பல, வழங்கி மென்பொருளின் இயல்பாலும் அதனை ஆளும் முறையாலும் விளைவன. ஆகலின் அம்மென்பொருள்களுள் பெருவழக்காக உள்ள சிலவற்றின் நலனையும் குறையையும், நூற்றொகை ஒன்றைக் காக்கும் நோக்கில் இக்கட்டுரை ஆராய்கின்றது. விரைவு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு இவற்றைத் தரம் பிரித்தல் நம் பணிக்குப் பொருந்தாது என்பதும், ஒரு மென்பொருளின் நலன் எனப் பாராட்டப்படும் பண்பே சூழல் மாறியவிடத்து அதன் குறையாக நிற்கும் என்பதும் இவ்வாராய்ச்சியிற் புலனாகும்.

வழங்கியின் தொழில்

‘வழங்கி’ என்னும் சொல் இக்காலத்து ஆக்கமாயினும் அமைந்த சொல்லேயாம். வழங்குதல் என்பது கொடுத்தல் என்றும், வழக்கில் இருத்தல் என்றும் இருபொருள் படும். வலைவழங்கி நூலைக் கொடுக்கின்றது. கொடுத்துக்கொண்டிருக்கும் வரையிலேயே அந்நூல் வலையில் வழக்கில் உள்ளது. சொல்லை ஆக்கியோர் இவ்விரண்டாம் பொருளைக் கருதினரோ இல்லையோ, பொருள் பொருந்தியே நிற்கின்றது.

அதன் தொழில் எளியது. படிப்பவரின் உலாவி ஒரு முகவரியைக் குறித்து வேண்டுகோள் விடுக்கும். வழங்கி அம்முகவரிக்குரிய கோப்பைத் தேடும். கிடைப்பின் 200 என்னும் எண்ணையும், கிடைக்காவிடின் 404 என்னும் எண்ணையும் முதற்கண் அனுப்பும். அதனோடு, அனுப்பப்படுவது இன்ன வகைக் கோப்பு, இன்ன எழுத்துமுறையில் அமைந்தது என்னும் குறிப்புக்களையும் தலைப்பிற் சேர்த்தனுப்பும். அதன்பின்னரே கோப்பின் உள்ளடக்கம் செல்லும். எழுத்துமுறை பற்றிய அத்தலைப்புக் குறிப்பு பார்வைக்குச் சிறிது. தமிழுக்கு அதனால் விளைவது பெரிது. அதனைப் பின்னர் விரித்துரைப்பாம்.

முதல் வலைவழங்கி, சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் ஆய்வுநிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவரால் 1990ஆம் ஆண்டின் இறுதியில் இயக்கப்பட்டது. அக்கணிப்பொறியை அணைத்துவிடலாகாது என்று செம்மையால் எழுதி அதன்மேல் ஒட்டிய தாள் இன்றும் பலர் அறிந்த ஒன்று. ஒருவர் கை தவறி அணைப்பின் உலக வலை முழுதும் நின்றுவிடும் நிலை அன்று இருந்தது. 1993 ஏப்பிரல் 30ஆம் நாள் செர்ன் நிலையம் தன் வலை மென்பொருளை எவரும் எடுத்தாளலாம் எனப் பொதுவில் விட்டது. அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் இலினாய்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மீக்கணிப்பு நடுவத்தில் இராபு மெக்கூல் என்பார் மற்றொரு வழங்கியை இயற்றினார். அது விரைந்து பரவிற்று. ஆயின் 1994ஆம் ஆண்டின் நடுவில் அவர் அந்நடுவத்தை விட்டு அகன்றார். மென்பொருளைத் திருத்துவார் இலராயினர்.

இந்நிகழ்ச்சி நம் கருத்துக்கு உரியது. பல்கலைக்கழகம் ஒன்றில் ஒருவர் ஆக்கிய பொருள், அவர் சென்றபின் ஆதரவற்று நிற்றல் அன்றே தொடங்கிவிட்டது. அதனைப் பயன்படுத்தி வந்த தள மேலாளர்கள் தத்தம் திருத்தங்களை மின்னஞ்சல் வழி ஒருவர்க்கொருவர் அனுப்பிக்கொண்டனர். அவருள் எண்மர் 1995 பிப்பிரவரியில் ஒரு குழுவாகக் கூடி அத்திருத்தங்களைத் தொகுத்தனர். அவ்வாண்டு ஏப்பிரலில் முதல் வெளியீடும், திசம்பர் 1ஆம் நாள் 1.0 என்னும் பதிப்பும் தோன்றின. இதுவே அப்பாச்சி. ஓராண்டு கழிவதற்குள், 1996 ஏப்பிரலில், உலகில் மிகுதியாக வழங்கிய வழங்கி என்னும் நிலையை அஃது எய்திற்று. ஒருவர் கையிலிருந்து குழுவின் கைக்கு மாறியமையே அம்மென்பொருள் இன்றுகாறும் நிலைபெற்றமைக்கு முதற்காரணம் எனலாம். 1999ஆம் ஆண்டில் அக்குழு ஓர் அறக்கட்டளையாகவும் உருப்பெற்றது.

அப்பாச்சி

அப்பாச்சியின் பண்புகளுள் நூற்றொகை காப்பார்க்கு மிக இன்றியமையாதது, ஒவ்வோர் அடைவிற்கும் தனித்தனி விதி வகுக்க இடந்தருதலாம். ஓர் அடைவினுள் ‘எச்.டி.ஆக்செஸ்’ என்னும் பெயருடைய சிறு கோப்பை இட்டால், அதிற் கூறிய விதிகள் அவ்வடைவிற்கும் அதன் உட்பிரிவுகளுக்கும் உரியனவாகும். இதனை ஈண்டு அடைவு விதிக்கோப்பு என்று வழங்குவாம். பல்கலைக்கழகங்களில் வழங்கி பெரும்பாலும் கணிப்பொறி நடுவத்தின் ஆட்சியில் இருக்கும். தமிழ்த்துறைக்கு அதில் ஓர் அடைவு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கும். ஒரு பழைய முகவரியைப் புதிய முகவரிக்குத் திருப்ப வேண்டின், நடுவத்துக்கு மடல் எழுதி விடை நோக்கிக் காத்திராது, துறையினரே அக்கோப்பில் ஒரு வரி எழுதி முடிக்கலாம். இவ்வுரிமையின் அருமையைக் காத்திருந்து பழகியோர் அறிவர்.

இனி, இவ்வுரிமையின் மறுபுறத்தை நோக்குவாம். நூல் என்னும் அடைவினுள் சங்கம், அதனுள் எட்டுத்தொகை, அதனுள் குறுந்தொகை என நான்கு அடுக்குக்கள் இருப்பின், குறுந்தொகைப் பக்கம் ஒன்றைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அப்பாச்சி நான்கு அடுக்கிலும் விதிக்கோப்பு உண்டோ என்று தேடும். இல்லாதவிடத்தும் தேடாமல் விடாது. இதனால் உண்டாகும் காலக்கேடு சிறிது. அதனினும் பெரிய கேடு, விதிகள் ஓரிடத்தில் இல்லாது பல அடைவுகளிற் சிதறிக் கிடத்தல். பத்தாண்டுகளில் மூவர் நால்வர் கைமாறிய தளத்தில், எந்த விதி எந்த அடைவில் யாரால் எதன்பொருட்டு எழுதப்பட்டது என்று அறிதல் அரிதாகும். முதன்மை அமைவுக்கோப்பை ஆளும் உரிமை உடையார் அடைவு விதிக்கோப்பைத் தவிர்க்க என்று அப்பாச்சியின் ஆவணமே அறிவுறுத்துகின்றது. 2.4 பதிப்பில் அவ்வசதி இயல்பாகவே அடைக்கப்பட்டுள்ளது. வேண்டுவார் திறந்துகொள்ளல் வேண்டும். கட்டின்றிச் செயற்படும் உரிமையும், கட்டின்மையால் வரும் குழப்பமும் ஒரே கோப்பில் உறைகின்றன என்க.

அப்பாச்சியின் மற்றொரு குறையாகச் சொல்லப்படுவது அதன் பணிமுறை. பழைய முறையில், வந்து இணையும் ஒவ்வொருவர்க்கும் ஒரு தனிச் செயலாக்கத்தை அஃது ஒதுக்கும். ஒருவர் பக்கத்தைப் பெற்றுக்கொண்டு வாளா இருப்பினும், இணைப்பு அறும்வரை அச்செயலாக்கம் அவர்க்கே உரியதாய் நிற்கும். கடைக்கு வந்தார் ஒவ்வொருவர்க்கும் ஒரு பணியாளை நிறுத்துதல் போன்றது இது. வருவார் பெருகின் நினைவகம் போதாது. 2009இல் வெளியான ‘சுலோலாரிசு’ என்னும் தாக்குதல் இக்குறையையே பற்றியது: சில இணைப்புக்களைத் திறந்து, வேண்டுகோளை முடிக்காமலே துளித்துளியாக அனுப்பிக்கொண்டிருந்தால், பணியாளர் யாவரும் முடங்குவர். 2002இல் வந்த 2.0 பதிப்பு இழைமுறையையும், 2012இல் வந்த 2.4 பதிப்பு நிகழ்வுமுறையையும் கொணர்ந்து இக்குறையைப் பெரிதும் போக்கின. எனினும் பி.எச்.பி. மொழியை வழங்கியினுள்ளேயே பொதித்து இயக்கும் பழக்கம் உள்ள இடங்களில் பழைய முறையே இன்றும் தொடர்கின்றது. ஆகவே அப்பாச்சி மெதுவானது என்னும் கூற்று மென்பொருளைப் பற்றியதோ, அதனை அமைத்த முறையைப் பற்றியதோ என்று பகுத்தறிதல் வேண்டும்.

எஞ்சின்-எக்ஸ்

ஒரே கணிப்பொறி ஒரே காலத்தில் பதினாயிரவர்க்கு வழங்கல் கூடுமோ என்னும் வினாவை 1999இல் டான் கேகல் என்பார் எழுப்பினார். இவ்வினாவிற்கு விடையாக வந்தவற்றுள் தலைசிறந்தது, உருசிய நாட்டவரான இகோர் சிசோவ் 2002இல் தொடங்கி 2004இல் பொதுவில் வெளியிட்ட எஞ்சின்-எக்ஸ். இதில் வருவார்க்கொரு பணியாள் இல்லை. சில செயலாக்கங்களே உண்டு. பெரும்பாலும் செயலியின் உட்கரு ஒன்றுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான இணைப்புக்களைக் கண்காணித்து, எவ்விணைப்பில் செய்தற்குரிய வேலை உள்ளதோ அதனை மட்டும் செய்து அடுத்ததற்குச் செல்லும். ஆதலின் வாளா இருக்கும் இணைப்பால் வரும் சுமை மிகச் சிறிது. சுவடிப் படிமம், அகரமுதலியின் மின்படி போன்ற பெருங்கோப்புக்களை மெதுவான இணைப்புடையார் பலர் ஒருங்கே இறக்கும் தளத்துக்கு இஃது ஏற்றது.

எஞ்சின்-எக்ஸ் அடைவு விதிக்கோப்பை அறவே ஏற்பதில்லை. விதிகள் யாவும் மேலாளரின் அமைவுக்கோப்பிலேயே நிற்றல் வேண்டும். அதனைத் திருத்தியபின் பிழையுண்டோ என்று ஒரு கட்டளையால் ஆய்ந்து, இணைப்பு எதனையும் அறுக்காமலே புதிய விதிகளை நடைமுறைக்குக் கொணரலாம். தளத்தின் ஒழுங்கனைத்தும் ஓரிடத்தில் எழுத்தில் இருத்தலால், பின்வருவார் படித்துணர்தல் எளிது. இவ்வகையில் அப்பாச்சியினும் இது மேம்பட்டது என்பது எம் கருத்து. ஆயின் தமிழ்த்துறையினர் ஒரு வரி மாற்ற வேண்டினும் மேலாளரை நாடியே தீர்தல் வேண்டும். மேலாளர் இல்லாத காலத்தில், விதி தெளிவாக இருந்தும் தொடுவார் இலர்.

உடைமை பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். எஞ்சின்-எக்ஸை வளர்க்க 2011இல் ஒரு நிறுவனம் அமைந்தது. 2019இல் அமெரிக்காவின் எஃப்5 நிறுவனம் அதனை 67 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2022இல் சிசோவ் விலகினார். 2024 பிப்பிரவரியில் முதன்மை உருவாக்குநருள் ஒருவரான மாக்சிம் தூனின், நிறுவனத்தின் போக்கோடு மாறுபட்டு ஃபிரீ-எஞ்சின்-எக்ஸ் என்னும் கிளையைத் தனியே தொடங்கினார். மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் உள்ளமையால், கிளைத்தல் யார்க்கும் இயலும், மென்பொருள் அழியாது. ஆயினும் எக்கிளையைப் பின்பற்றுவது என்னும் வினா மேலாளர்க்கு எழுகின்றது. அறக்கட்டளையின் கீழ் உள்ள அப்பாச்சிக்கு இவ்வகைத் தடுமாற்றம் நேரவில்லை.

ஐ.ஐ.எஸ்., கேடி

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஐ.ஐ.எஸ்., 1995இல் விண்டோசு என்.டி. அமைப்போடு இயையத் தோன்றியது. சாளரங்களைத் திறந்து சொடுக்கி அமைக்கும் எளிமையும், அலுவலகப் பயனர் கணக்குக்களோடு ஒன்றியிருத்தலும் இதன் நலன்கள். விண்டோசு வழங்கிக்குரிய கட்டணம் இதன் சுமை. 2001 சூலையில் ‘கோட் ரெட்’ என்னும் தீநிரல் 14 மணி நேரத்திற்குள் 3,59,000க்கு மேற்பட்ட ஐ.ஐ.எஸ். கணிப்பொறிகளைப் பற்றியமையால் இதற்கு நேர்ந்த பழி நெடுநாள் நீங்கவில்லை. அத்தீநிரல் புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு முந்திய சூன் திங்களிலேயே வெளிவந்திருந்தது. அக்கால விண்டோசில் ஐ.ஐ.எஸ். கேளாமலே நிறுவப்பட்டமையால், தம் பொறியில் அஃது இயங்குவதையே பலர் அறியார். அறியாதார் திருத்துவது எங்ஙனம்? 2003ஆம் ஆண்டுப் பதிப்பில் இம்முறை மாற்றப்பட்டது. கட்டற்ற மென்பொருள்களும் இதற்கு விலக்கல்ல. 2021 அக்டோபரில் அப்பாச்சியின் 2.4.49 பதிப்பில் தளத்துக்குப் புறம்பான கோப்புக்களையும் படிக்க வழிவிடும் பிழை ஒன்று வெளிப்பட்டது. அதனைத் திருத்தி வந்த 2.4.50 பதிப்பும் முற்றத் திருந்தாமையால் சில நாள்களில் 2.4.51 வெளியிட நேர்ந்தது.

ஐ.ஐ.எஸ். பற்றி நம்மனோர் கருதற்குரிய குறை வேறொன்று. உரோமன் எழுத்தின் பெரிய வடிவு சிறிய வடிவு ஆகியவற்றை விண்டோசு வேறுபடுத்துவதில்லை. அதனால் முகவரியை எவ்வாறு எழுதினும் அவ்வமைப்பிற் பக்கம் கிடைக்கும். பல ஆண்டு அங்ஙனம் பழகிய தளத்தை லினக்சு பொறிக்கு மாற்றிய அன்றே, ஓரெழுத்துப் பெரிதாய் அமைந்த இணைப்புக்கள் யாவும் 404 ஆகும்.

கேடி என்பது 2015இல் மேத்யூ ஓல்ட்டு என்பாரால் வெளியிடப்பட்டது. பெயர் தமிழ்ச் செவிக்கு நன்றாய் ஒலிக்கவில்லையாயினும், சிறு தளம் நடத்துவார்க்கு நன்மை செய்யும் மென்பொருள் இது. மறையீட்டுச் சான்றிதழை இது தானே பெற்றுத் தானே புதுப்பிக்கும். 2018 சூலை முதல் குரோம் உலாவி, சான்றிதழ் இல்லாத் தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று குறித்து வருகின்றது. ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ அமைப்பு இலவயமாக வழங்கி வந்த சான்றிதழின் வாழ்நாள் 90 நாள். 2029 மார்ச்சு முதல் எச்சான்றிதழும் 47 நாளுக்கு மேற்படலாகாது என 2025இல் உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குவோரும் கூடி முடிவு செய்தனர். இனிக் கையாற் புதுப்பித்தல் இயலாத செயல். அப்பாச்சிக்கும் எஞ்சின்-எக்ஸுக்கும் துணைக்கருவிகள் உள. ஆயின் அவற்றை யாரேனும் நிறுவல் வேண்டும். கேடியில் அவ்வேலை இல்லை. வழக்கில் வந்து நெடுங்காலம் ஆகாமையின், ஐயம் எழுந்தவழி வினவத்தக்க பட்டறிவுடையார் நம் பல்கலைக்கழகங்களில் அப்பாச்சிக்கு உள்ளாற்போல் இதற்கு மிகுதியாகக் கிடைத்தல் அரிது.

விரைவு பற்றி ஓர் எண்ணிக்கை

ஒரு நூற்றொகைத் தளத்துக்கு நாளொன்றுக்கு நூறாயிரம் வேண்டுகோள் வருவதாகக் கொள்வாம். ஒரு நாளுக்கு 86,400 நொடி. ஆகவே நொடிக்கு ஒன்றுக்குச் சற்று மிகுதி. மேற்கூறிய நான்கனுள் எதுவும், பழைய கணிப்பொறியில் இருந்துகொண்டும், இச்சுமையைத் தாங்கும். பதினாயிரவர் வினா நம் வினா அன்று.

இக்கூற்றுக்கு இப்போது ஒரு விலக்கு உண்டு. செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி தரற்பொருட்டுத் தளங்களை அள்ளும் தானியங்கிகள் அண்மை ஆண்டுகளிற் பெருகிவிட்டன. 2024 சனவரி முதல் தன் பல்லூடகக் கோப்புக்களை இறக்கும் அளவு நூற்றுக்கு 50 மிகுந்தது என்றும், அம்மிகை பெரும்பாலும் தானியங்கிகளால் வந்தது என்றும் விக்கிமீடியா 2025 ஏப்பிரலில் அறிவித்தது. இவை இரவு பகல் எனப் பாராது, யாரும் தொடாத பழைய அடைவுகளையும் ஒரே மூச்சில் வேண்டும். ஒரு முகவரியிலிருந்து நொடிக்கு இத்தனை வேண்டுகோளே ஏற்கப்படும் என்று வரம்பு கட்டும் வசதி எஞ்சின்-எக்ஸில் இயல்பாகவே உள்ளது. அப்பாச்சிக்கு அதனைப் புறத்தார் கூறுகளாற் பெறல் வேண்டும். அப்பாச்சியைப் பின்னும் எஞ்சின்-எக்ஸை முன்னுமாக நிறுத்திப் பலர் இரண்டன் பயனையும் கொள்கின்றனர். இரண்டையும் பேணும் வேலையும் அவரைச் சேரும் என்பது சொல்லாமலே அமையும்.

எழுத்தும் முகவரியும்

இனி, தமிழுக்கே உரிய செய்திக்கு வருவாம். வழங்கி அனுப்பும் தலைப்பில் எழுத்துமுறை குறிக்கப்பட்டிருப்பின், உலாவி அதனையே கொள்ளும். பக்கத்தினுள் எழுதப்பட்டுள்ள எழுத்துமுறைக் குறிப்பு அதற்கு அடங்கியதேயாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முன்னோடி முயற்சிகள், எண்பிட்டு எழுத்துருக்களிலும் திஸ்கியிலும் நூல்களை வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு வந்தன. இவ்வாறு இரு காலத்துக் கோப்புக்களும் விரவிய தொகையில், எல்லாப் பக்கமும் ஒருங்குறியின் யூ.டி.எஃப்-8 முறையே என்று வழங்கிக்கு ஒரே விதி எழுதின், பழைய பக்கங்கள் யாவும் பொருளற்ற குறிகளாய்ச் சிதையும். பிற எழுத்துமுறை எழுதின் புதியன சிதையும். கோப்புச் சிறிதும் கெடவில்லை. தலைப்பில் ஒரு வரி தவறு, அவ்வளவே. பழைய கோப்புக்களைத் தனி அடைவிற் பிரித்து, அவ்வடைவிற்குத் தனி விதி வகுத்தலே வழி. அப்பாச்சியில் துறையினரே இதனைச் செய்துகொள்ளலாம். எஞ்சின்-எக்ஸில் மேலாளர் செய்தல் வேண்டும்.

கோப்பின் பெயரையே தமிழில் இடுதல் இதனினும் நுட்பமான சிக்கலை உடையது. யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு. முகவரியில் எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்தாகும். ஆகவே ‘தொகை’ என்னும் சொல் தகரம், ஒகரக் குறி, ககரம், ஐகாரக் குறி என 4 குறியாய், 12 பைட்டாய், முகவரியில் 36 எழுத்தாய் நீளும். அன்றியும் ஒகரக் குறியை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம்: ஒன்றாய் நிற்கும் ஒரே குறியாகவும், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டாகப் பிரித்தும். ஓகார ஔகாரக் குறிகளும் அத்தகையனவே. பிரித்தெழுதின் ‘தொகை’ 5 குறியாகி, 45 எழுத்தாகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. வழங்கிக்கோ இரண்டும் வேறு வேறு பெயர். ஏனெனில் அது எழுத்தை நோக்குவதில்லை, பைட்டை நோக்குகின்றது. பழைய மேக் கணிப்பொறிகளின் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும் இயல்பினது. அங்கு ஆக்கிய ‘தொல்காப்பியம்’ என்னும் கோப்பை லினக்சு வழங்கிக்குப் படியெடுத்துவிட்டு, விசைப்பலகையால் ஒருங்கிணைந்த வடிவில் அதே பெயரைத் தட்டி வேண்டின், கோப்பு எதிரே இருப்பவும் இல்லை என்றே விடை வரும். இஃது எவ்வழங்கிக்கும் பொதுவான குறை. கோப்புப் பெயர்களை ஒருங்கிணைந்த வடிவுக்கு மாற்றியபின் ஏற்றுதல் ஒரு தீர்வு. முகவரியில் நூலெண்ணும் பாட்டெண்ணும் மட்டும் இட்டு, தமிழ்ப் பெயரைப் பக்கத்தின் தலைப்பில் வைத்தல் அதனினும் உறுதியான தீர்வு. தமிழ்த் தொகைக்குத் தமிழ் முகவரியே தகும் என்பாரின் உணர்வு மதிக்கத்தக்கது. ஆயின் அடிக்குறிப்பில் அச்சிடப்படும் முகவரி 45 விழுக்காட்டெழுத்தாய் இருப்பின் அதனைப் பிழையின்றித் தட்டுவார் யாவர்?

அடைவிலுள்ள கோப்புக்களை வழங்கியே பட்டியலிட்டுக் காட்டும் வசதி அப்பாச்சி, எஞ்சின்-எக்ஸ் இரண்டிலும் உண்டு. இதனை ஆசிரியர் பெயர்ப் பட்டியலாகப் பயன்படுத்த எண்ணுவார் ஒன்று அறிதல் வேண்டும். பட்டியல் நெடுங்கணக்கு முறையில் வாராது. குறியெண் முறையிலேயே வரும். ஒருங்குறியில் னகரம் நகரத்தையும், றகரம் ரகரத்தையும் அடுத்து நிற்கின்றன; லகரத்தின்பின் ளகரமும் ழகரமும் வந்து, அதன்பின்னரே வகரம் வரும். நெடுங்கணக்கிற் பழகிய கண்ணுக்கு அப்பட்டியல் பிழையாகவே தோன்றும். பட்டியலை நாமே ஆக்கி ஒரு பக்கமாக இடுதல் நன்று.

தமிழ்க் குறிகள் மும்மடங்கு இடங்கொள்ளும் என்று அஞ்சுவார்க்கு வழங்கியில் மருந்துண்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றின் முதல் இரு பைட்டுக்களும் ஒரு சிறு வட்டத்துள்ளேயே திரும்பத் திரும்ப வருதலால், சுருக்கி அனுப்பும்போது தமிழ் உரை மிக நன்கு சுருங்கும். எஞ்சின்-எக்ஸின் மூல அமைவில் இவ்வசதி அணைந்தே இருக்கும். திறந்த பின்னும் எச்.டி.எம்.எல். பக்கங்களை மட்டுமே சுருக்கும். வெற்றுரைக் கோப்பாக நூல்களை இட்டிருப்பார் அவ்வகையையும் பெயர் சுட்டிச் சேர்த்தல் வேண்டும்.

வழங்கியை மாற்றும்போது

ஒரு வழங்கியைத் தேர்ந்தெடுக்கும்போது வரும் இழப்பினும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது வரும் இழப்பே பெரிது. அப்பாச்சியிலிருந்து எஞ்சின்-எக்ஸுக்கு மாறுவார், கோப்புக்களை எல்லாம் அப்படியே படியெடுத்து வைக்கின்றனர். அடைவு விதிக்கோப்புக்களும் அவற்றோடு செல்கின்றன. ஆனால் புதிய வழங்கி அவற்றைப் பொருட்படுத்தாது. பிழை என்றும் உரைக்காது. பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிய விதிகள் செயலற்றுப்போக, பத்தாண்டு ஆய்வேடுகளிற் காட்டிய முகவரிகள் ஒரே நாளிற் பொய்க்கும். உரிமை கருதிக் கடவுச்சொல் இட்டு மூடிவைத்த சுவடிப் படிமங்களின் அடைவோ, காவல் விதி செயலற்றமையால் யார்க்கும் திறந்து நிற்கும். முன்னதை எவரேனும் முறையிட்டு உணர்த்துவர். பின்னதை உணர்த்துவார் இலர். அன்றியும் தனியே தடுத்தாலன்றி, அவ்விதிக்கோப்புக்களையே சாதாரணக் கோப்பாக எண்ணி, கேட்பார்க்கு எஞ்சின்-எக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடும்.

ஆகலின் மாற்றத்துக்கு முன் செய்தற்குரியது, தளத்தின் எல்லா அடைவுகளிலும் உள்ள விதிக்கோப்புக்களைத் தேடித் திரட்டி, ஒவ்வொரு விதியின் நோக்கத்தையும் தமிழிலேயே அருகில் எழுதி, திருப்புதல், காவல், எழுத்துமுறை என வகைப்படுத்திக்கொள்ளலாம். அதன்பின் அவற்றைப் புதிய வழங்கியின் மொழியிற் பெயர்த்தெழுதி, பழைய முகவரிப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் உரிய பக்கத்துக்குச் செல்கின்றதா என்று ஒப்புநோக்குதல் வேண்டும். சுவடி பதிப்பிப்பார் படிகளை ஒப்புநோக்கும் பழக்கம் உடையராதலின், இப்பணியைக் கணிப்பொறி நடுவத்தாரினும் தமிழ்த்துறை மாணவர் செம்மையாகச் செய்வர். அப்பட்டியலின் ஒரு படி கணிப்பொறியிலும், ஒரு படி தாளில் அச்சிட்டுத் துறை நூலகத்திலும் இருத்தல் நலம்.